ஐப்பசியில் ஆறுமணிக்குருவி விழுந்தால்

ஐப்பசி பிறந்துவிட்டது. திருப்புட்குழி, பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் இருப்பவர்கள் இனி தினமும் விடிந்ததும் கொல்லையையும் காம்பவுண்டு ஓரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவிகள் தெற்கே, இலங்கை வரைக்கும் இறங்கும் நேரம் இது. பயணம் இரவில்தான். விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும். சென்னைக் கடற்கரையோர வீடுகளில் அக்டோபர் வந்தால் இது நடக்கிறது.

மைனாவைவிடச் சிறியது, கட்டை வால். பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தோளில் பளிச்சென்ற நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. விழுந்தது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கண் செருக உட்கார்ந்திருக்கும். பிழைக்காது என்று விட்டுவிடாதீர்கள். மெல்லிய துணியால் மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்துச் சத்தமில்லாத மூலையில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சோறும் வேண்டாம். தெளிந்து உள்ளே தத்த ஆரம்பித்ததும், காக்கை இல்லாத மரநிழலில் பெட்டியைத் திறந்து விலகி நில்லுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கூண்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பதால்தான் திருப்புட்குழி என்ற நம் ஊர்ப்பெயரிலேயே புள், அதாவது பறவை, இருக்கிறது. விழுந்த பறவையைத் தூக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். விளக்கை அணைக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு 10 மணிக்கு மேல் மொட்டைமாடி விளக்கும் ஃபோகஸ் லைட்டும் எரிய வேண்டாம், தை பிறக்கும் வரைக்குமாவது.

அந்துப்பூச்சி பார்க்க மட்டும் ஓர் இரவு விலக்கு. தீபாவளிப் புகை அடங்கியபின், மழைவிட்ட நாளில், கொடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி முன்னால் ஒரு பல்பு போடுங்கள். இரண்டு மணி நேரம் போதும். பகலில் அரளி, நந்தியாவட்டைச் செடிகளைப் புரட்டினால் விரல்தடிமனில் பச்சைப்புழு அகப்படலாம். தலைப்பக்கம் இரண்டு நீலக்கண் வரைந்ததுபோல் இருக்கும். மருந்து அடிக்காதீர்கள். அது பச்சை வெல்வெட் சிறகோடு வெளிவரும் பெரிய அந்துப்பூச்சி; ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பா வரைக்கும் பறந்துபோகிற இனம்.

கரைப்பறவை பார்க்கக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் காலையில் முட்டுக்காடு பாலத்தில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். நீர் வற்றிய சேற்றில் உள்ளானும் உப்புக்கொத்தியும் மேயும். போக முடியாதவர்கள் நம் ஏரிக்கரைக்கே போங்கள், இந்த வாரமே. பெருமழையில் ஏரி நிரம்பினால் உள்ளான் நிற்கச் சேறு இருக்காது.