மேசைப்பந்தும் சிலம்பமும்

மேசைப்பந்து கையால் ஆடும் ஆட்டம் என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு கல்லூரிப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். எதிராளி பந்தை இரு கோடிகளுக்கும் மாற்றி மாற்றி அடித்தார். என் கை நீண்டதே தவிர, கால்கள் நகரவில்லை.

பின்னொரு மாலை, முத்தியால்பேட்டையில் தம்பி சிலம்பம் பயிலும் களத்திற்குச் சென்றேன். புதியவர்களுக்கு ஆசான் கம்பே தரவில்லை. காலடியை மட்டும் பழக்கினார். மூத்த மாணவர்களில், வீசியபின் பழைய நிலைக்குத் திரும்பாதவன் தோளில் அவர் கம்பு பட்டது. என் தோல்வியின் காரணம் அங்கே விளங்கிற்று.

மேசையின் நீளம் 2.74 மீட்டர்தான். பந்து வந்தபின் யோசிக்க நேரமில்லை. எதிராளியின் தோளையும் மட்டையின் சாய்வையும் கண்டே நகர வேண்டும். சிலம்பத்திலும் அப்படியே. குத்துச்சண்டை வீரர் காற்றில் குத்திப் பழகுவதுபோல, மேசைப்பந்து வீரரும் பந்தின்றி அடி பயில்வதுண்டு.

வேறுபாடும் உண்டு. அங்கே பிழை உடலில் படும். இங்கே புள்ளி போகும். 2001 முதல் ஓர் ஆட்டத்திற்கு 11 புள்ளிகளே என்பதால், அதுவும் சிறு அடியன்று.

ஆறு மாதம் மொட்டைமாடியில் மட்டையின்றிக் காலடி பழகினேன். இவ்வாண்டு இரண்டாம் சுற்றில் தோற்றேன். ஆனால் நின்ற இடத்தில் நின்று தோற்கவில்லை. நண்பர்களே, மட்டையை எடுக்குமுன் காலைப் பழக்குங்கள்!