முகவெலும்பும் பிளாஸ்டிக்கும்

விரைந்து வரும் பந்தொன்று கண்ணின்மேல் தாக்கினால், சில வேளைகளில் விழி ஊறின்றித் தப்பிவிடும். அதனைத் தாங்கும் எலும்போ உடைந்துவிடும். கண்குழியின் அடித்தளம் காகிதம் போன்று மெல்லியது. அதன் கீழே காற்று நிறைந்த அறையொன்று உண்டு. தளம் உடைந்தால், கண்ணைச் சூழ்ந்துள்ள கொழுப்பும் தசையும் அவ்வறைக்குள் இறங்கும். கண் உள்வாங்கும், காணும் பொருள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தோன்றும்.

உடைந்த இடத்தை நோயாளியின் இடுப்பிலிருந்தோ மண்டையோட்டிலிருந்தோ எடுத்த எலும்பால் அடைப்பது பழைய முறை. அதற்கு மற்றோர் இடத்தையும் புண்படுத்தல் வேண்டும். வைத்த எலும்பு நாளடைவில் கரைந்து குறைவதும் உண்டு. டைட்டானியம் என்னும் உலோகம் உயிருள்ள எலும்போடு நன்கு ஒட்டும். சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனமார்க் 1952ஆம் ஆண்டில் முயலின் எலும்பில் இதனைக் கண்டறிந்தார். ஆயினும் அவ்வுலோகம் எலும்பினும் பன்மடங்கு விறைப்பானது.

பிளாஸ்டிக் வகைகளோ இலேசானவை; விரும்பிய வடிவில் செதுக்கத்தக்கவை. அவற்றுள் ‘பீக்’ எனப்படுவது வலிமையும் நெகிழ்வும் ஒருங்கே உடையது. எக்ஸ் கதிர்ப் படத்தையும் மறைப்பதில்லை. குறை ஒன்றே, எலும்பு அதனோடு ஒட்டுவதில்லை. வழவழப்பான பிளாஸ்டிக்கை உடல் எதிர்ப்பதுமில்லை, ஏற்பதுமில்லை. நார்த்திசுவாலான மெல்லிய உறையொன்றை அதனைச் சுற்றி எழுப்பி, அதனை ஒதுக்கி வைத்துவிடுகின்றது. ஒட்டாத துண்டு பின்னொரு நாள் இடம் பெயரலாம்.

இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்று, பிளாஸ்டிக்கில் நுண்துளைகளை அமைத்தல். துளைகள் ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அகலம் உடையனவாயின், இரத்தக் குழாய்களும் எலும்பை ஆக்கும் உயிரணுக்களும் உள்ளே புகுந்து வளரும். நுண்துளைப் பாலிஎத்திலீன் முகச் சிகிச்சையில் இவ்வாறே பயன்படுகின்றது.

இலண்டனில் பணியாற்றிய பான்ஃபீல்டு என்பார் வேறு வகையில் சிந்தித்தார். எலும்பு என்பதே ஒரு கலவை அன்றோ? கொலாஜன் என்னும் நெகிழ்வான புரதத்தில் கடினமான கால்சியம் பாஸ்பேட் துகள்கள் பதிந்ததே அது. அவரும் அவர்தம் குழுவினரும் பாலிஎத்திலீனில் ஹைடிராக்சி அபடைட் என்னும் அத்தகைய கனிமத்தைத் தூளாக்கிக் கலந்து, 1981இல் அதனை வெளியிட்டனர். அக்கலவையின் மேல் எலும்பு நேரே படர்ந்து வளர்ந்தது. கண்குழித் தளத்தைச் சீர்செய்யவும் அது பயன்பட்டது. தூள் மிகுந்தால் ஒட்டும் தன்மை மிகும்; பொருளோ நொறுங்கும் இயல்பினதாகும். ஆதலின் கனஅளவில் நூற்றுக்கு 40 பங்கு என்னும் அளவில் அவர்கள் நின்றனர்.

பீக்கின் மேல் அக்கனிமத்தைப் பூசலாமே எனின், அதுவும் எளிதன்று. பூச்சுக்கு வழக்கமாகக் கையாளும் பிளாஸ்மாச் சுடரின் வெப்பம் பல்லாயிரம் பாகை. பீக் 343 பாகை செல்சியசில் உருகிவிடும். பூச்சு இறுகப் பற்றாவிடின் உரிந்தும் போகும். எனவே, அடர் கந்தக அமிலத்தில் சிறிது நேரம் தோய்த்து, பீக்கின் புறப்பரப்பிலேயே கடற்பஞ்சு போன்ற துளைகளை உண்டாக்கும் முறையையும் ஆய்வாளர் மேற்கொண்டனர். அத்துளைகளில் எஞ்சும் அமிலம் உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யும்; அதனை முற்றக் கழுவி நீக்கிய பின்னரே எலும்பு அங்கு வேரூன்றும்.