படகுச் சத்தமும் டெசிபல் கணக்கும்

தேக்கடி பார்க்காத தேனி மாவட்டத்துக்காரர் அநேகமாக இருக்க மாட்டார். கம்பத்தில் பஸ் ஏறினால் லோயர் கேம்ப், மலைப்பாதை, குமுளி, அதைத் தாண்டினால் ஏரி. 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை தேக்கிய தண்ணீர் அது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு இறங்கி வரும் அதே தண்ணீர். அதன் மேல் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. சுற்றியுள்ள காடோ 1978 முதல் புலிகள் காப்பகம். யானையைப் பார்க்க ஆசைப்பட்டு, யானை காது கொடுத்துக் கேட்கும்படி எஞ்சின் ஓட்டிக்கொண்டு போகிறோம்!

"படகுச் சத்தமெல்லாம் ஒரு விஷயமாப்பா?" என்று நண்பர்கள் கேட்கலாம். வெளிநாடுகளில் இதற்காக வருடக்கணக்கில் சண்டை நடந்திருக்கிறது. ஒரு பக்கம் கரையில் இருப்பவர்கள், மறுபக்கம் படகுக்காரர்கள். நடுவில் நிற்பது நம் பாடமான எஞ்சின். அதனால் நியாயம் பேசுவதற்கு முன் கொஞ்சம் டெக்னிக்கலாகப் பார்த்துவிடுவோம்.

படகில் சத்தம் முக்கியமாக எக்ஸாஸ்டில் இருந்து வருகிறது. சாதாரண அவுட்போர்டு எஞ்சினில் புகை புரொப்பெல்லரின் நடுக்குழாய் வழியாகத் தண்ணீருக்குள்ளேயே வெளியேறும். தண்ணீர் சத்தத்தின் பெரும்பகுதியை அமுக்கிவிடும். வேகப் படகுப் பிரியர்களுக்கு இது பிடிக்காது. எக்ஸாஸ்டைப் பக்கவாட்டில் துளைபோட்டு நேரே காற்றில் விடுவார்கள். "பேக் பிரஷர் குறையும், பவர் கூடும்" என்பது அவர்கள் வாதம். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒழுங்காக வடிவமைத்த சைலன்சரில் பவர் இழப்பு சொற்பம். பலருக்குப் பவரை விட அந்த முழக்கம்தான் வேண்டியிருக்கிறது. நம் ஊரில் புல்லட் சைலன்சரை மாற்றுகிறவர்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும்.

இனி டெசிபல். இது லாகரிதம் கணக்கு என்பதை மறந்தால் எல்லாமே தப்பாகும். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு படகுகள் சேர்ந்தால் டெசிபல் இரட்டிப்பு ஆகாது, 3 மட்டுமே கூடும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் 6 குறையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு உத்தரவு, 40 கிலோவாட்டுக்கு மேற்பட்ட உல்லாசப் படகு எஞ்சினுக்கு 25 மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் என்று எல்லை வைத்தது. அந்த எல்லைக்குள் ஓடும் படகையே எடுத்துக்கொள்வோம். 50 மீட்டரில் 69, 100-இல் 63, 200-இல் 57, 400-இல் 51, 800-இல் 45. நம் நாட்டு ஒலி மாசு விதிகள், 2000-இன்படி அமைதி மண்டலத்தின் பகல் எல்லை 50. சட்டத்துக்கு உட்பட்ட படகுகூட 400 மீட்டர் தள்ளி அதைத் தாண்டிவிடுகிறது பாருங்கள்.

இதிலும் ஒரு சிக்கல். அதிகாலையில் ஏரியின் மேல் குளிர்ந்த காற்று, அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று என்று இருந்தால் மேலே போகும் ஒலி வளைந்து கீழே திரும்பும். அப்போது தூரத்துச் சத்தம் பக்கத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். மேலே போட்ட கணக்கை விட அதிகமாகவே கேட்கும். தேக்கடியில் முதல் படகு காலை ஏழரை மணிக்கு.

எதிர்ப்பவர்களின் பேச்சையும் கேட்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா சட்டத்தில் இரண்டு விதமான சோதனை. ஒன்று, படகை நிறுத்தி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பக்கத்திலேயே மைக் வைத்து அளப்பது. 1993-இல் தொடங்கிச் செய்த எஞ்சின்களுக்கு இதில் 88 டெசிபல் எல்லை. மற்றொன்று, கரையில் மீட்டர் வைத்து, ஓடும் படகின் சத்தத்தை அளப்பது. அங்கே 75. "நடு ஏரியில் இருக்கிற எனக்குக் கரையில் எத்தனை டெசிபல் என்று எப்படித் தெரியும்?" என்பது படகுக்காரர் கேட்கக்கூடிய கேள்வி. நியாயமான கேள்விதான். "ஐடிலில் பூனை, ஆக்சிலேட்டரில் புலி, அந்தச் சோதனையால் என்ன பயன்?" என்று கரைவாசி கேட்டால் அதுவும் நியாயம். போதாக்குறைக்கு ஒரு ஸ்விட்சைத் தட்டினால் எக்ஸாஸ்டைத் தண்ணீருக்குள்ளோ காற்றிலோ மாற்றிவிடும் அமைப்பும் கடையில் கிடைக்கிறது. போலீஸ் படகு தெரிந்தால் ஒரு தட்டு!

இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியான விண்டர்மியரில் மீட்டரை விட்டுவிட்டு வேகத்தில் கை வைத்தார்கள். மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றது தேசியப் பூங்கா நிர்வாகம். அந்த வேகத்தில் நீர்ச்சறுக்கு விளையாடுபவர் சறுக்க மாட்டார், மூழ்குவார். "எங்கள் விளையாட்டு அழியும், படகுக் கடைகள் மூடப்படும்" என்று எதிர்ப்பு கிளம்பியது. பொது விசாரணை நடந்தது. 1996-இல் அரசு விதியை ஏற்க மறுத்தது. 2000-இல் மாற்றி ஏற்றது. ஐந்து வருட அவகாசம் கொடுத்து 2005 மார்ச் 29 அன்று அமலுக்கு வந்தது. பிழைப்பு போகிறவனுக்கு அவகாசம் கொடுத்தது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் சத்தமே இல்லாத படகுக்கும் அதே வேகத்தடைதானா என்ற கேள்விக்கு வேக எல்லையில் பதில் கிடையாது.

எண்ணும் தூரமும் சேர்த்துச் சொன்னால்தான் எஞ்சினியருக்கு வேலை கிடைக்கும். இதற்கு நம் நாட்டு ஜெனரேட்டரே உதாரணம். 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர்களுக்கு, 2005 முதல் தயாராகும்போதே, மூடியுள்ள பெட்டியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபல் என்று விதி வந்தது. கல்யாண மண்டபத்தில் பேசவிடாமல் அலறிய சாமான், இன்று கூண்டுக்குள் முனகுகிறது. எஞ்சின் அதே டீசல்தான். மாறியது பெட்டி, ஒலி உறிஞ்சும் பஞ்சு, சைலன்சர், அதிர்வு தாங்கும் ரப்பர். எல்லாம் டிப்ளமோ படித்தவர் கை வைக்கிற வேலை.

காட்டுக்கு என்ன எண்? 2000-ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில் தொழிற்பகுதி, வணிகம், குடியிருப்பு, அமைதி மண்டலம் என்று நான்கே வகை. காடு என்ற தனி வகை இல்லை. யாராவது அமைதி மண்டலமாக அறிவித்தால்தான் உண்டு.

படகுக்கு மாற்று வழி தூரத்தில் இல்லை. பெரியார் போராடிய அதே வைக்கத்தில், 2017 ஜனவரியில் 'ஆதித்யா' என்ற 75 பேர் போகும் சோலார் படகைக் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறை விட்டது. டீசலும் இல்லை, எக்ஸாஸ்டும் இல்லை. புரொப்பெல்லர் சத்தம் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீரில் ஒலி காற்றை விட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். மீனுக்கு அது எப்படியோ!

ஆனால் இருக்கிற மாடிப் படகில் பேட்டரியைத் தூக்கி வைத்தால் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. கனமான சைலன்சரோ, கூரையில் சோலார் தகடோ, எதை ஏற்றினாலும் ஈர்ப்பு மையம் நகரும். டெசிபல் குறைக்கிற கணக்கோடு ஸ்டெபிலிட்டி கணக்கும் போட்டாக வேண்டும்.

இறுதியாண்டு புராஜெக்ட் தேடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சவுண்ட் லெவல் மீட்டர், 'ஏ' வெயிட்டிங்கில் வைத்து, படகிலிருந்து 25 மீட்டரில் ஒரு அளவு, எதிர்க்கரையில் ஒரு அளவு. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. படகு இல்லாதபோது காட்டின் சத்தத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். சிள்வண்டு கத்தினால் அந்த ரீடிங்கைத் தள்ளிவிடுங்கள். காப்பகத்துக்குள் என்பதால் வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி கட்டாயம். அதற்கு நாளாகும், ஜூலையிலேயே மனு போடுங்கள்.