பேருந்து ஓட்டுநர் வேலைக்கு மாறும் முன்

காங்கேயம்

அன்பு மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது.

காங்கேயம் பக்கத்தில் பேருந்து ஓட்டுநர் வேலைக்கு மாற நினைப்பவர்கள் பலவிதம். லாரியும் வேனும் ஓட்டியவர்கள், திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து ஆண்டு கழித்தவர்கள், வெள்ளகோவில் பக்கம் தறி ஓட்டியவர்கள், அரிசி ஆலையிலும் எண்ணெய் ஆலையிலும் சம்பளத்துக்கு இருந்தவர்கள். எங்கிருந்து வந்தாலும் மாறும் முன் பார்க்க வேண்டியவை ஐந்து: வேலை தருபவர் யார், தகுதி என்ன, தொழிலின் நுட்பம் என்ன, உடம்பு தாங்குமா, கையில் வரும் பணம் வீட்டை நடத்துமா. இவற்றைப் பார்க்காமல் பழைய வேலையை விடுவது தவறு.

கோவை–கரூர்–திருச்சி நெடுஞ்சாலையும் ஈரோடு–தாராபுரம் சாலையும் சந்திக்கும் ஊர் காங்கேயம். அதனால் இங்கே அரசுப் பேருந்தும் உண்டு, தனியார் பேருந்தும் உண்டு. கொங்கு நாட்டில் இந்தத் தொழிலுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. ஜி.டி. நாயுடு உணவு விடுதி வேலை, பருத்தி வியாபாரம் எல்லாம் பார்த்த பிறகு, 1920-இல் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சி–பழனி தடத்தில் தொழிலைத் தொடங்கினார். பிற்பாடு பேருந்துகள் அரசுடைமையானபோது 1972-இல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997-இல் பெயர் மாறி, இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோயம்புத்தூர்க் கோட்டமாக இருக்கிறது. தனியார் பேருந்துகளும் நிற்கவில்லை. நகரத் தடங்களிலும் மாவட்டத் தடங்களிலும் இன்றும் அரசுப் பேருந்துக்கு முன்னும் பின்னும் ஓடுகின்றன.

தகுதி உரிமத்தில் தொடங்குகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாடகைக்கோ பயணிகளுக்கோ ஓடும் வண்டியை 20 வயது நிறையாதவர் ஓட்டக் கூடாது. இலகு ரக உரிமம் எடுத்து ஓராண்டு ஆன பிறகுதான் இத்தகைய வண்டிக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். மருத்துவச் சான்றும் வேண்டும். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் குறைந்தது 30 நாள் பயிற்சி, அதில் 15 மணி நேரம் வண்டியைக் கையில் பிடித்து ஓட்ட வேண்டும் என்பது விதி. சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஸ்டீயரிங் கொடுத்துவிட்டு உரிமம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டக் கூடாது. அந்த 15 மணி நேரத்தைக் கேட்டு வாங்குவது கற்பவரின் உரிமை.

அரசு வேலைக்கு இதற்கு மேலும் தேவைகள் உண்டு. 2025 மார்ச்சில் ஓட்டுநருடன் இணைந்த நடத்துநர் பணிக்கு மாநிலம் முழுவதும் 3,274 இடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் கோவைக் கோட்டத்துக்கு 344. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, தமிழில் எழுதப் படிக்கத் தெரிதல், கனரக உரிமத்தோடு 18 மாத அனுபவம், பொதுப்பணி வில்லை என்னும் பேட்ஜ், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, 160 செ.மீ. உயரம், 50 கிலோ எடை ஆகியவை கேட்கப்பட்டன. வயது 24-க்குக் குறையக் கூடாது. பொதுப் பிரிவினருக்கு 40, பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு 45 என்று மேல் வரம்பு இருந்தது. எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு, நேர்காணல் என்று மூன்று படிகள். ஆள் எடுப்பு ஆண்டுதோறும் நடப்பதில்லை. முப்பத்தைந்து வயதில் உரிமத்துக்கு நடக்கத் தொடங்குபவர், அனுபவம் சேர்ந்து முடிவதற்குள் வயது வரம்பை நெருங்கிவிடுவார். மாறுவது உறுதியானால் சான்றுகளை இப்போதே சேர்ப்பது நல்லது.

பெண்களுக்கும் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்தார். 2023-இல் கோவையில் காந்திபுரம்–சோமனூர் தடத்தில் ஓர் இளம்பெண் தனியார் பேருந்தை ஓட்டினார். வீட்டில் தங்கையோ மனைவியோ இதைக் கேட்டால் மறுக்கக் காரணம் இல்லை.

தொழில் நுட்பத்தில் லாரி ஓட்டியவருக்கும் புதிதாகக் கற்க வேண்டியது நிறைய. லாரியில் சரக்கைக் கட்டி ஏற்றுகிறார்கள். பேருந்தில் பாதிப் பேர் நின்றுகொண்டு வருகிறார்கள். திடீரென்று பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், உள்ளே நிற்கும் கிழவி விழுவார். ஆகவே நல்ல ஓட்டுநர் பிரேக்கை நம்பி ஓட்டுவதில்லை. முன்னால் நடக்கப் போவதைப் பார்த்து, கால் எடுத்து, கியர் குறைத்து வேகத்தை அடக்குகிறார். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அவ்வளவு தூரம் கழிந்துவிடுகிறது.

பேருந்தில் ஓட்டுநர் முன்சக்கரத்தை ஒட்டியோ அதற்கும் முன்னாலோ அமர்கிறார். திருப்பத்தில் வழக்கத்தைவிடத் தாமதமாக ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். முன்கூட்டியே ஒடித்தால் பின்சக்கரம் உட்பக்கம் வெட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் நிற்பவரை இழுக்கும்; அதே நேரம் பின்பக்க மூலை வெளியே வீசும். கண்ணாடி பார்க்கும் பழக்கம் இங்கேதான் உயிரைக் காக்கிறது. பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வதால், அழுத்தம் காட்டும் மானியைப் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறங்குவதற்கு முன்பே சிறு கியரில் போட்டு என்ஜினையே வேகத்தைத் தடுக்க விடுவது முறை. காங்கேயம் சமவெளிதான். ஆனால் கோவைக் கோட்டத்தில் 40 கொண்டை ஊசி வளைவு கொண்ட வால்பாறைச் சாலையும், நீலகிரி மலைச் சாலைகளும் உண்டு. எந்தப் பணிமனையில் பணி அமையும் என்பது விண்ணப்பிப்பவர் கையில் இல்லை.

உடம்பைப் பொறுத்தவரை இது உட்கார்ந்து செய்யும் வேலை, ஆனால் சுலபமான வேலை அல்ல. 1953-இல் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் தம் குழுவோடு லண்டன் பேருந்துத் தொழிலாளர்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதய நோய் அதிகம் என்பது அந்த முடிவு. நம் ஊரில் இதோடு என்ஜின் சூடும், ஹாரன் சத்தமும், நேரத்துக்குச் சாப்பிட முடியாததும், சிறுநீரை அடக்குவதும் சேர்கின்றன. முதுகு வலியும் சர்க்கரையும் இந்தத் தொழிலில் சாதாரணம். கண் பார்வை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் சேரும் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு நாளும் அரை மணி நடக்க வேண்டும். தூக்கத்தைக் கடன் வைத்து ஓட்டக் கூடாது.

நேரமும் சாதாரண நேரம் அல்ல. விடியற்காலை நாலு மணிக்கு முதல் நடை எடுக்க வேண்டி வரும். கிராமத்தில் இரவு தங்கும் வண்டியென்றால் வீட்டுக்கே வர முடியாது. பொங்கல், தீபாவளி, பழனித் தைப்பூசம், சிவன்மலைத் தேர் என்று ஊர் கூடும் நாளெல்லாம் ஓட்டுநருக்கு வேலை நாள். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றும், ஐந்து மணி வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு என்றும் வரையறுத்தது. நீண்ட தூரத் தடங்களுக்கு நாளுக்கு 10 மணி வரை இடம் கொடுத்தது. பல இடங்களில் நடைமுறை இந்த வரையறையைத் தாண்டுகிறது. மனைவியும் பெற்றோரும் இதை முன்பே அறிந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் சச்சரவோடு வண்டி ஏறுபவர் சாலையில் பாதி மனத்தோடுதான் இருப்பார்.

பண விஷயத்தில் அரசும் தனியாரும் வேறு வேறு. 2025 அறிவிப்பில் ஊதிய விகிதம் ரூ.17,700-இல் தொடங்கி ரூ.56,200 வரை என்று இருந்தது. விடுப்பு, பணிப் பாதுகாப்பு இவற்றோடு வரும் வேலை அது. ஆனால் 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வரவில்லை என்பதை மறக்கக் கூடாது. தனியாரில் நாள் கூலியும் பேட்டாவும். பல முதலாளிகளிடம் அன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்துக் கூடும், குறையும். போகாத நாளுக்குக் காசு இல்லை. சேரும்போதே பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று கேட்க வேண்டும். டைமிங் தவறினால் முந்திப் பிடி என்று நெருக்கும் வண்டியில், கூலி நூறு ரூபாய் கூடினாலும் சேரக் கூடாது. விபத்து நடந்தால் வழக்கு ஓட்டுநர் பெயரில்தான் வரும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறையே ஆறு மாதச் சிறையோ ரூ.10,000 அபராதமோ, இரண்டுமோ. இரவு குடித்தது விடியற்காலை நாலு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். குடிப் பழக்கத்தை விட முடியாதவர் இந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

மாறும் வரிசை இப்படி இருப்பது நல்லது. இருக்கிற வேலையை விடாமல் விடுமுறை நாட்களிலும் மாலைகளிலும் கனரகம் கற்று உரிமம் எடுக்க வேண்டும். பிறகு பேட்ஜ், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று. அடுத்து ஆக்டிங் டிரைவராக லாரியிலோ தனியார் பேருந்திலோ ஏற வேண்டும். உரிமையாளரிடம் அனுபவச் சான்றை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் பழைய வேலையிலிருந்து நிற்க வேண்டும். அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. அறிவிப்பும் தேர்வும் தவிர வேறு வழி இல்லை.

வேகத்தில் ஆசை உள்ளவருக்கு இது ஏற்ற தொழில் அல்ல. சில்லறைக்குச் சண்டை, நிறுத்தாத நிறுத்தத்தில் வசவு, குறுக்கே வரும் பைக் என்று ஒரு நாளில் எத்தனை வந்தாலும் குரல் உயராமல் இருப்பவருக்கே இது பொருந்தும். பொறுமையும் ஒழுங்கான தூக்கமும் உள்ளவர், வயது வரம்புக்கு முன்பாக, மேலே சொன்ன வரிசையில் மாறலாம். அப்படி மாறுபவருக்கு மாதச் சம்பளமும் கிடைக்கும், ஊரில் நல்ல பெயரும் கிடைக்கும். பொறுமை இல்லாதவர் இருக்கிற வேலையிலேயே இருப்பது அவருக்கும் நல்லது, பயணிகளுக்கும் நல்லது.

அன்புடன்,
மாமன்