முதல் ஓவலுக்கு எந்தக் கார், எந்தத் தடம்?

சிமுலேட்டரில் ஓவல் பந்தயம் பழக வருகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் தேர்ந்தெடுப்பது டேடோனாவையும் நாஸ்கார் கப் காரையும்தான். தொலைக்காட்சியில் பார்த்தது அது, ஆசையும் அதன் மேல்தான். ஆனால் இரண்டரை மைல் நீளமும் வளைவுகளில் 31 டிகிரி சாய்வும் கொண்ட அந்தத் தடத்தில் தனியாக ஓட்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டியதில்லை. மிதித்த மிதியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் பிடித்தால் போதும், கார் பாட்டுக்குச் சுற்றிவரும். அடுத்த நாள் முப்பது நாற்பது கார்கள் ஒட்டிக்கொண்டு ஓடும் கூட்டத்துக்குள் நுழைந்தால், முன்னால் எவரோ தடுமாற, நம் காரும் சேர்ந்து நொறுங்கும். ஓவலில் பழக ஒன்றுமில்லை, எல்லாம் அதிர்ஷ்டம் என்று சொல்லி விலகியவர்களை விசாரித்துப் பாருங்கள். பலரும் இந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்களாகவே இருப்பார்கள்.

ஓவலில் பழக வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் முக்கால்வாசி வலது முன் டயரைப் பற்றியது. கார் எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் பாரம் வலப்பக்கம் சாய்கிறது. வளைவுக்குள் நுழையும்போது பிரேக் பிடிப்பதால் அதே பாரம் முன்பக்கமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து விழும் மூலை வலது முன் டயர். ஓட்டுநர் இல்லாமலே 3,200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,450 கிலோ எடையுள்ள கப் காரை ஒவ்வொரு வளைவிலும் தாங்கித் திருப்புகிற பெரும் உழைப்பு அதனுடையது. அது சூடேறி வழுக்கத் தொடங்கினால் எவ்வளவு திறமை இருந்தும் கார் சுவரை நோக்கித்தான் போகும். ஆகவே மென்பொருள், கார், தடம், ஸ்டியரிங் என்று எதைத் தேர்ந்தெடுக்கும்போதும் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: அந்த டயர் என்ன பாடுபடுகிறது என்பதை இது எனக்குத் தெரியப்படுத்துமா?

ஐரேசிங்கா, நாஸ்கார் 25-ஆ?

கணினியும் ஸ்டியரிங்கும் இருக்கிறவர்களுக்கு ஐரேசிங் என்ற இணையவழிச் சிமுலேட்டர்தான். பாப்பிரஸ் நிறுவனத்தில் நாஸ்கார் விளையாட்டுகளை உருவாக்கிய டேவிட் கேமர் தொடங்கியது அது. பாப்பிரஸின் கடைசி நாஸ்கார் விளையாட்டு 2003-இல் வந்தது, ஐரேசிங் 2008-இல் திறந்தது. அதன் தடங்கள் லேசர் கருவியால் அளந்து செய்யப்பட்டவை என்பதால் நிஜத் தடத்தில் உள்ள மேடு பள்ளம் ஸ்டியரிங்கில் தெரிகிறது. கைவிடப்பட்டுக் கிடந்த நார்த் வில்க்ஸ்பரோ தடத்தை 2019-இல் முன்னாள் நாஸ்கார் நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரும் வேறு சிலரும் களை பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். ஐரேசிங் அதை அளந்து பதிவு செய்யட்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. அழிந்துவிடும் என்று பயந்த அந்தத் தடத்தில் 2023-இல் நாஸ்கார் ஆல்-ஸ்டார் பந்தயமே நடந்தது. ஒரு தடத்தின் தார்ப்பரப்புக்கு இவ்வளவு மதிப்பு கொடுக்கும் கூட்டத்தோடு பழகுவதே ஒரு பாடம்.

குறை, செலவு. மாதச் சந்தா தனி. அடிப்படைத் தொகுப்புக்கு வெளியே ஒவ்வொரு காரும் ஏறத்தாழ 12 டாலர், தடங்கள் அந்த விலையோ சற்றுக் கூடுதலோ. ஆனால் முதல் சில மாதங்களுக்கு எதையும் தனியாக வாங்கத் தேவையில்லை. பழகுவதற்கு உகந்த கார்களும் தடங்களும் அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கின்றன.

பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2025 அக்டோபரில் வந்த நாஸ்கார் 25 இருக்கிறது. அதைச் செய்ததும் ஐரேசிங் நிறுவனமே. ஆர்கா, ட்ரக், கப்புக்கு அடுத்த இரண்டாம் நிலைத் தொடர், கப் என்று பந்தயத் தொடர்களின் நான்கு படிகளும் அதில் உண்டு. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் ஓட்டலாம். ஆனால் கட்டைவிரலுக்கு வலது முன் டயர் பேசுவது அவ்வளவாகக் கேட்காது. பந்தயத்தின் போக்கு, பிட் நிறுத்தம், மஞ்சள் கொடி விதிகள் ஆகியவற்றை அதில் நன்றாகக் கற்கலாம். காரைக் கையாளக் கற்பதுதான் நோக்கமென்றால் அதிலும் ஒரு ஸ்டியரிங் தேவைப்படும்.

வேகம் குறைந்த காரே ஆசான்

ஐரேசிங்கில் புதியவருக்குத் திறந்திருக்கும் ஓவல் கார்கள் மினி ஸ்டாக், ஸ்ட்ரீட் ஸ்டாக், லெஜண்ட்ஸ். என் தேர்வு ஸ்ட்ரீட் ஸ்டாக். கனமான உடம்பு, முன்னால் பெரிய இன்ஜின், பின்சக்கர இழுவை, காற்றழுத்தத்தின் உதவி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தப்பு செய்தால் தப்பு மெதுவாக நடக்கும். டயர் முனகத் தொடங்கியதற்கும் கார் விலகிப்போவதற்கும் நடுவே யோசிக்க நேரம் கிடைக்கும். மினி ஸ்டாக் இன்னும் சாது. ஸ்டியரிங்கையே முதல்முறை தொடுகிறவர் முதலில் அதில் சில நாள் ஓட்டிவிட்டு வரலாம்.

லெஜண்ட்ஸ் கார் வேறு ஜாதி. 1930-களின் கார்களை எட்டில் ஐந்து பங்கு அளவுக்குச் சுருக்கி, மோட்டார்சைக்கிள் இன்ஜின் பொருத்தியது. நீளம் குறைவு என்பதால் பின்பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் சுழன்றுவிடும். கை வேகத்தைக் கூர்மையாக்க நல்லது, ஆனால் முதல் காராக வேண்டாம். பின்பக்கத்தைச் சமாளிப்பதிலேயே கவனமெல்லாம் போய், முன் டயரைக் கவனிக்கும் பழக்கம் வராமல் போகும். நாஸ்கார் ஓட்டுநர் வில்லியம் பைரன் கதையை இங்கே சொல்ல வேண்டும். பள்ளி மாணவனாக ஐரேசிங்கில் ஓட்டிப் பழகியவர், அதற்குப் பிறகே நிஜத் தடத்தில் லெஜண்ட்ஸ் காரில் உட்கார்ந்தார். 2024, 2025 இரண்டு ஆண்டும் டேடோனா 500 அவருடையது.

அடுத்த படிகளில் ஆர்கா கார் பொறுமையானது. ட்ரக் காற்றைப் பெரிதாகக் கிழித்துக்கொண்டு போவதால் ஒன்றரை மைல் தடங்களில் காலை எடுக்கும் வேலை குறைவு. அங்கே பழகுவது காற்றோட்டத்தைப் படிப்பது. இரண்டாம் நிலைத் தொடரின் கார் வழுக்கும், அதை ஓட்டத் தெரிந்தால் எதையும் ஓட்டலாம். 2022-இல் வந்த இன்றைய கப் கார் ஐந்து கியர், தனித்தனியாக அசையும் பின்சக்கரங்கள், 18 அங்குலச் சக்கரம் என்று பழைய ஸ்டாக் காரிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. எல்லை தாண்டும்வரை பிடித்துக்கொள்ளும், தாண்டியதும் எச்சரிக்காமல் விட்டுவிடும். அதைக் கடைசிக்கு வைப்பதே முறை.

சவுத் பாஸ்டனில் ஒரு வளைவு

தடத்தில் என் தேர்வு வர்ஜீனியாவின் சவுத் பாஸ்டன். 0.4 மைல், அதாவது ஏறத்தாழ 640 மீட்டர், வளைவுகளில் 12 டிகிரி சாய்வு. ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பிடித்தே ஆக வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதித்தே ஆக வேண்டும். அரை மணி நேரத்தில் டேடோனாவைவிடப் பல மடங்கு வளைவுகளைக் கடந்துவிடலாம்.

ஒரு வளைவை நிதானமாகப் பார்ப்போம். நேர்பாதையின் முடிவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை உறுதியாக ஒருமுறை மிதித்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும்போதே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். சட்டென்று விட்டால் காரின் மூக்கு எழும்பி, முன் டயரை அழுத்திக்கொண்டிருந்த பாரம் போய்விடும், கார் திரும்ப மறுக்கும். வளைவின் நடுவில் இரண்டு பெடலிலும் அழுத்தம் இல்லாமல் கார் தானாக உருளும் ஒரு இடம் வரும். புதியவர்களுக்குத் தாங்க முடியாத இடம் அதுதான். ஏதாவது செய்தாக வேண்டும் என்று கால் துடிக்கும். செய்யக் கூடாது. மூக்கு உள்பக்கம் திரும்பி, வளைவின் முடிவு கண்ணுக்கு நேராக வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி, அழுத்தும் அளவுக்கே ஸ்டியரிங்கைத் தளர்த்திக்கொண்டு வெளிச்சுவர் வரை காரை ஓடவிட வேண்டும்.

காத்திருக்காமல் மிதித்தால் நடப்பதை ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் அனுபவிப்பார்கள். பாரம் பின்னால் போக, வலது முன் டயர் பிடியை இழக்கிறது. கார் டைட் ஆகி வெளிப்பக்கம் தள்ளுகிறது. பயத்தில் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புகிறோம். டயர் கிரீச்சிடுகிறது, ஸ்டியரிங் கையில் லேசாகிறது, ஆனாலும் கார் திரும்பவில்லை. காலைச் சற்றே எடுக்கிறோம். பாரம் முன்னால் திரும்பிவர, அதிகமாகத் திருப்பி வைத்திருந்த முன் டயர் திடீரெனப் பிடிக்கிறது. மூக்கு உள்ளே பாய, பின்பக்கம் லூஸ் ஆகிச் சுழல்கிறது. ஓட்டியவர் 'கார் ரொம்ப லூஸ்' என்று புலம்புவார். மறுஒளிபரப்பில் ஸ்டியரிங் கோணத்தைப் பார்த்தால் தெரியும், சுழலுவதற்கு ஒரு நொடி முன்னால் கார் டைட்டாகத்தான் இருந்தது. நோய் ஒன்று, வலி தெரிந்த இடம் வேறு. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றவர் பாதி ஓவலைக் கற்றவர். ஸ்டியரிங் லேசாகும்போது இன்னும் திருப்பாமல் கொஞ்சம் தளர்த்துவது மனதுக்கு ஒப்பாத செயல்தான், ஆனால் அதைத்தான் கை பழக வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்க ஒற்றைச் சுற்றின் வேகத்தைப் பார்க்காதீர்கள். நிறுத்தாமல் இருபது சுற்று ஓட்டி, மூன்றாவது சுற்றின் நேரத்துக்கும் இருபதாவதின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பிட்டுக்கு வந்ததும் கராஜ் திரையில் டயர் வெப்பம் தெரியும். வலது முன் டயர் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் கொதித்திருந்தால் நுழைவில் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

இது பிடிபட்டதும் ஷார்லட்டுக்குப் போகலாம். ஒன்றரை மைல், 24 டிகிரி. முன்னால் போகும் கார் காற்றை விழுங்கிவிட, பின்னால் போகிறவரின் முன் டயருக்குக் காற்றழுத்தம் குறையும் விசித்திரத்தை அங்கே பழகலாம். 0.526 மைல் மார்ட்டின்ஸ்வில் பிரேக்குக்குப் பள்ளிக்கூடம். நீண்ட நேர்பாதை, கொண்டை ஊசி வளைவு. பார்முலா 1 வரை ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் ட்ரக் தொடரில் முதன்முதலாக இறங்கியது அங்கேதான், 13-ஆவதாக முடித்தார். சாலைத் தடங்களில் ஓட்டிப் பழகிய பிரேக் கால் உள்ளவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. டேடோனாவும் அதைப் போன்ற டல்லடேகாவும் எல்லாவற்றுக்கும் பிறகு.

செட்டப், கருவிகள், எதிராளிகள்

எல்லோருக்கும் ஒரே செட்டப் தரும் ஃபிக்ஸ்டு பந்தயமா, நாமே மாற்றும் ஓப்பன் பந்தயமா? சந்தேகமில்லாமல் ஃபிக்ஸ்டு. கார் மாறாமல் இருந்தால்தான் மாறியது நாம் என்று தெரியும். ஓப்பனுக்குப் போகும் நாளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். வலது முன், இடது பின் டயர்கள் சேர்ந்து தாங்கும் எடைப் பங்கான கிராஸ் வெயிட்டைக் கூட்டினால் கார் டைட் ஆகும், பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பாரை உயர்த்தினால் லூஸ் ஆகும். முதல் மாதங்களுக்கு இந்த இரண்டும் போதும்.

ஸ்டியரிங்கில் பல்சக்கர வகையான லாஜிடெக் ஜி29, ஜி923 போன்றவையே தொடங்கப் போதுமானவை. மோட்டாரில் நேரடியாகப் பொருத்திய வகை கிடைத்தால் டயரின் நுண்ணிய நடுக்கம் தெளிவாக வரும், அந்த வித்தியாசம் உண்மையானது. ஆனால் எந்த வகையானாலும் ஸ்டியரிங் கைக்குத் தரும் விசையை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால், திரையிலுள்ள விசைக்கோடு சிவந்து, வளைவு முழுக்க ஒரே கனமாகிவிடும். டயர் வழுக்குவதைச் சொல்லும் அந்த 'லேசாதல்' காணாமல் போகும். விசையைக் குறைத்து வையுங்கள். பணம் மிச்சமிருந்தால் நல்ல ஆக்ஸிலரேட்டர் பெடலுக்குச் செலவிடுங்கள். ஓவலில் அதிகம் உழைப்பது அந்தக் கால்தான். பக்கவாட்டைப் பார்க்க மூன்று திரை வசதியானது, இல்லாவிட்டால் சுற்றியுள்ள கார்களைப் பார்த்துச் சொல்லும் ஸ்பாட்டரின் குரல் போதும். 'உள்ளே கார்' என்று அவர் சொல்லும்போது கண்ணாடியைப் பார்க்காமலே இடம் விடும் பழக்கம் வர வேண்டும்.

தனியாக ஓட்டியபின் நேரே மனிதர்களோடு இறங்காமல், நடுவில் கணினி ஓட்டும் கார்களோடு ஓடுங்கள். அவற்றின் வேகத்தை உங்களுக்குச் சமமாக வைத்து, அவற்றின் பின்னால் பத்து சுற்று முந்தாமல் தொடர்ந்து வாருங்கள். பக்கத்தில் கார் இருக்கும்போது நேராகப் போவதே தனிக் கலை.

பிறகு அதிகாரப்பூர்வப் பந்தயம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணி என்பது நமக்கு விடியற்காலை ஐந்தரை அல்லது ஆறரை. ஓவலில் கூட்டம் அதிகம் சேர்வது அப்போதுதான். கூட்டம் அதிகமானால் ஓட்டுநர்களை ஐரேட்டிங் மதிப்பெண்படி தனித்தனிக் குழுவாகப் பிரிப்பார்கள், உங்கள் தரத்துக்கு நெருக்கமானவர்களோடு ஓடலாம். இணையம் தடுமாறினால் மற்றவர்கள் திரையில் உங்கள் கார் துள்ளும், ஆகவே வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போடுங்கள். பலத்த மோதல் ஒன்றுக்கு நான்கு புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் இரண்டு என்று கணக்கு ஏறி உங்கள் பாதுகாப்பு மதிப்பீட்டைக் குறைக்கும். தவறு எவருடையது என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. முதல் சில பந்தயங்களில் தகுதிச் சுற்றைத் தவிர்த்துவிட்டு வரிசையின் கடைசியில் நின்று தொடங்குங்கள். முன்னால் புகை தெரிந்தால் காலை எடுத்து, சுழலும் கார் எந்தப் பக்கம் உருள்கிறது என்று பாருங்கள். சாய்வான தடத்தில் அது பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும், அப்போது உங்கள் வழி மேலே, சுவரோரம்.