கரிசல் வெயிலும் கணினியின் காய்ச்சலும்

சித்திரை மாதத்து நண்பகல். அருப்புக்கோட்டையில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் ஒரு சிறிய ஸ்டூடியோவை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். காலையில் ஒழுங்காக ஓடிய கணினி, பன்னிரண்டு மணிக்கு மேல் திணறுகிறது. கேபினெட்டுக்குள் விசிறி இரைகிறது; படம் விட்டு விட்டு நகர்கிறது; சற்று நேரத்தில் திரை இருண்டுவிடுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை! "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்கிறார் ஒருவர். பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. அதைச் செய்யுமுன், பள்ளியில் படித்த வெப்பப் பாடத்தைக் கொஞ்சம் பயன்படுத்திப் பார்ப்போமா?

திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரைவதற்கென்றே அமைந்த தனிப் பலகைதான் கிராபிக்ஸ் கார்டு. அதன் நடுவில் உள்ள சிலிக்கன் சில்லு உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. ஜி.டி.எக்ஸ். 1650 என்ற கார்டை எடுத்துக்கொள்வோம். இது 75 வாட் வரை மின்திறன் கொள்ளும். சில்லின் பரப்போ 2 சதுர சென்டிமீட்டர்தான். நம் வீட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். சில்லில் அது 25 வாட்டையும் தாண்டும். இவ்வளவு வெப்பத்தையும் நொடிதோறும் வெளியேற்றியாக வேண்டும்.

வெப்பம் செல்லும் வழி இதுதான்: சில்லிலிருந்து தெர்மல் பேஸ்ட் என்னும் பசை, பசையிலிருந்து செம்பு அல்லது அலுமினியக் கட்டி, அதிலிருந்து மெல்லிய உலோகத் தகடுகள், தகடுகளிலிருந்து விசிறி தள்ளும் காற்று, காற்றோடு கேபினெட்டுக்கு வெளியே. மின்னோட்டத்துக்கு மின்தடை இருப்பதைப் போல, வெப்ப ஓட்டத்துக்கும் தடை உண்டு. ஓம் விதியில் மின்னழுத்த வேறுபாடு நிற்கும் இடத்தில் வெப்பநிலை வேறுபாட்டை வையுங்கள். ஒரு வாட் செல்ல எத்தனை டிகிரி வேறுபாடு தேவையோ, அதுவே வெப்பத்தடை.

கணக்குப் போடுவோம். அறையில் 38 டிகிரி செல்சியஸ். கேபினெட்டின் உட்காற்று அதைவிட 7 டிகிரி மிகுதியாக, 45. தூய்மையான கார்டின் வெப்பத்தடை வாட்டுக்கு 0.4 டிகிரி என்று கொண்டால், 75 வாட்டுக்கு 30 டிகிரி உயர்வு. சில்லின் வெப்பநிலை 75 டிகிரி, கவலையில்லை. தகடுகளில் தூசி அடைந்து தடை 0.7 ஆகிவிட்டால், உயர்வு 52.5, சில்லு 97.5 டிகிரியை எட்டும். பல சில்லுகளுக்கு எல்லை 90 டிகிரியை ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லையை நெருங்கியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால் நின்றுவிடும். படம் திணறியதன் காரணம் இதுவே.

அதே தூசி படிந்த கார்டு மார்கழியில் எப்படியிருக்கும்? அறை 26, உட்காற்று 33, சில்லு 85.5. ஒரு குறையும் தெரியாது! ஆகவே நோய் சித்திரையில் வந்ததன்று. ஆண்டு முழுவதும் வளர்ந்தது, வெயிலில் வெளிப்பட்டது.

நம் வட்டாரத்தில் இது விரைந்து வளரக் காரணம் உண்டு. திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கரிசல் நிலம். கோடையில் காய்ந்து வெடித்த மண், காற்றில் மாவாகப் பறக்கும். அருப்புக்கோட்டையோ நூற்பாலைகளும் தறிகளும் உள்ள ஊர்; பஞ்சிழைக்குப் பஞ்சமில்லை. தகடுகளுக்கிடையே உள்ள சந்து ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். அதைவிட நீளமான பஞ்சிழை குறுக்கே படுத்துவிடும்; அதன்மேல் கரிசல் தூசி படியும். நாளடைவில் கம்பளிபோல ஒரு படலம்! அது காற்றோட்டத்தை அடைப்பதோடு, தனக்குள் அசையாத காற்றைச் சிறைபிடித்து வெப்பத்தையும் தடுக்கிறது. செம்பு கடத்தும் வெப்பத்தில் பதினையாயிரத்தில் ஒரு பங்கைக்கூட அசையாத காற்று கடத்தாது. இப்படலம் விசிறிக்கு அடியில் ஒளிந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாது.

தடை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கார்டின் வெப்பநிலையை விண்டோஸ் 10இன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் டாஸ்க் மேனேஜரிலேயே காணலாம். கனமான வேலை கொடுத்து, கால் மணி கழித்து அளவைக் குறியுங்கள். பிறகு கேபினெட்டின் பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றி மீண்டும் குறியுங்கள். 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் தடை கேபினெட்டின் காற்றோட்டத்தில். சுவரை ஒட்டி வைத்ததோ, முன்புறத் துளைகள் அடைத்ததோ காரணமாகலாம். இரண்டு மூன்று டிகிரியே இறங்கினால் தடை கார்டிலேயே. (மூடியைத் திறந்தே வைத்துவிடுவது மருந்தன்று, கரிசல் காட்டில் அது தூசிக்குக் கொடுத்த அழைப்பு.)

கார்டைத் துடைக்குமுன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பின் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தைப் போக்குங்கள். வறண்ட காற்றில் நம் உடலில் நிலைமின்னூட்டம் எளிதில் சேரும். எனவே கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டே கார்டைத் தொடுக. திருகைக் கழற்றியபின், செருகுவாயின் முனையிலுள்ள சிறு பூட்டை விடுவிக்காமல் இழுத்தால் மதர்போர்டு பழுதாகும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசியை வெளித்தள்ளுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி கட்டுக்கடங்காமல் சுழன்று அதன் அச்சு கெடும். ஈரத்துணி கூடாது.

இதன்பின்னும் வெப்பம் இறங்கவில்லையென்றால்தான் பசையை மாற்றும் எண்ணம் வர வேண்டும். உத்தரவாதம் முடிந்த கார்டாயின், அனுபவமுள்ளவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்க. காய்ந்த பசையை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்து, ஒரு துவரம் பருப்பளவு புதுப் பசை வைத்தால் போதும். சில்லுக்கும் உலோகக் கட்டிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் உள்ள காற்றை விரட்டுவதே பசையின் வேலை. செம்பைவிடப் பசை மிகக் குறைவாகவே வெப்பம் கடத்துமாதலால், அப்பித் தடவினால் அதுவே தடையாகும்.

கார்டை அடுப்பில் 'சுட்டு' உயிர்ப்பிக்கலாம் என்றொரு கைவைத்தியம் உலவுகிறது. சூடேறும்போது சிலிக்கன் குறைவாகவும் பலகை மிகுதியாகவும் விரிவதால், நாள்தோறும் ஏறி இறங்கும் வெப்பத்தில் இணைப்புகள் விரிசல் காணும். 2008ஆம் ஆண்டு ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றில் பொதிபொருள் வலுவற்றுப் பழுது நேர்ந்ததால் 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சுட்டால் விரிசல் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். சில நாளில் மீண்டும் விலகும். சமையலறையில் பிளாஸ்டிக் புகை சேர்வதுதான் மிச்சம்.

வேலை முடிந்ததும் அறையின் வெப்பநிலை, சில்லின் வெப்பநிலை, இரண்டின் வேறுபாடு ஆகிய மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். சில்லின் அளவு பருவத்துக்குப் பருவம் மாறும். ஒரே வேலை கொடுத்து அளந்தால் வேறுபாடு அவ்வளவாக மாறாது. தையில் ஒருமுறை அளந்து, வேறுபாடு 10 டிகிரி கூடியிருந்தால், பங்குனிக்கு முன்பே பிரஷ்ஷை எடுத்துவிடலாம். தாளைக் கேபினெட் மூடியின் வெளிப்புறத்திலேயே ஒட்டி வையுங்கள். உள்ளே ஒட்டினால் காற்றை மறைக்கும்.