தண்ணீர்க் குழாய்க்கு ஹீட்டர் கேபிள்

கடலூரில் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வை போதும். குழாயில் தண்ணீர் உறையும் என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள். சிதம்பரத்தில் என்னோடு படித்து, கனடாவில் டொராண்டோவுக்கு வேலைக்குப் போன நண்பன் ஒருநாள் வெப்கேமில் வந்தான். "வீட்டுக் குழாய் உறைஞ்சு வெடிச்சிடுச்சுடா. கேபிள் சுத்தணுமாம். எதை வாங்கறது?" என்றான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இதே தத்துவத்தில் இயங்கும் பாகம் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கக்கூடும்.

ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். மூடிய குழாயில் அழுத்தம் ஏறி, குழாய் பிளந்துவிடும். இதைத் தடுக்கவே குழாயோடு சேர்த்து ஹீட்டர் கேபிள் பொருத்துகிறார்கள்.

இரண்டு வகைகள்

முதல் வகை, எப்போதும் ஒரே அளவு வெப்பம் தரும். இதை வெட்டக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றவும் கூடாது; சுற்றினால் அந்த இடம் கருகித் தீப்பிடிக்கலாம்.

இரண்டாவது, தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வகை. இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே கார்பன் கலந்த பிளாஸ்டிக் இருக்கும். குளிரில் அது சுருங்கும். கார்பன் துகள்கள் நெருங்கி மின்சாரத்துக்கு வழி கொடுக்கும். சூடானால் விரியும், வழிகள் அறுபட்டு மின்சாரம் குறையும். நண்பனுக்கு நான் சொன்னது இந்த வகையைத்தான்.

பொருத்தும் முறை

1. குழாயில் கசிவு இல்லை என்று பார்த்து, துடைத்து உலர்த்துங்கள்.
2. கேபிளைக் குழாயின் அடிப்பக்கமாக நேராக ஓட்டி, சுமார் 30 செ.மீ.க்கு ஒரு இடத்தில் கண்ணாடி இழை டேப்பால் கட்டுங்கள். பிளாஸ்டிக் குழாய் என்றால் அதற்கென்று அனுமதிக்கப்பட்ட கேபிளே வேண்டும்.
3. கடைசி முனையில் உள்ள இரு கம்பிகளையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். 'சர்க்யூட் முழுமையாக வேண்டாமா?' என்று நண்பன் கேட்டான். வேண்டாம். நடுவில் உள்ள பிளாஸ்டிக்கே சர்க்யூட்டை முடிக்கிறது. கம்பிகளைச் சேர்த்தால் நேரடி ஷார்ட். முனையை அதற்கான மூடியால் அடையுங்கள்.
4. தெர்மோஸ்டாட் சென்சாரைக் குழாயின் மிகக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.
5. மேலே வெப்பக் காப்புறை போடுங்கள்.
6. எர்த் உள்ள பிளக்கும், மின் கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் இதில் சிக்கனம் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அங்கே வாங்கிய கேபிளை நம்மூர் 230 வோல்ட்டில் செருகாதீர்கள்.

செலவு

மீட்டருக்கு 16 வாட் என்றால் 6 மீட்டருக்கு 96 வாட். நாள் முழுக்க ஓடினால் சுமார் 2.3 யூனிட். தெர்மோஸ்டாட் இருந்தால் இன்னும் குறையும்.

பராமரிப்பு

ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலி கடித்ததா, உறை வெடித்ததா என்று பாருங்கள். பழுதான கேபிளுக்கு டேப் சுற்றாமல் புதிதாக மாற்றுங்கள். பிரேக்கரின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். மின்சாரம் போனால் கேபிள் உதவாது. குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்து வையுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில்

பல மதர்போர்டுகளில் யு.எஸ்.பி. போர்ட்டுக்குப் பாதுகாப்பாக இருக்கும் தானே மீளும் ஃபியூஸும் கார்பன் கலந்த பிளாஸ்டிக்தான். பழுதான பென் டிரைவ் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அது சூடாகி விரிந்து மின்சாரத்தைக் குறைத்துவிடும். ஆகவே யு.எஸ்.பி. போர்ட் திடீரென்று செயலிழந்தால் பதறாதீர்கள். பென் டிரைவை எடுத்து, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஆறியதும் போர்ட் மீண்டும் வேலை செய்யலாம். ஆனால் அதே பென் டிரைவை மறுபடி செருகிப் பார்க்காதீர்கள்!